ஊழியப்படையின் வயதும் உற்பத்தித்திறனும்: சுன்னாகத்துத் தையற்கடை ஒன்றிலிருந்து

பொருளியல் பாடவேளையில் ஆசிரியை கரும்பலகையில் ஒரு சிறிய சமன்பாட்டை எழுதினார். மொத்த உற்பத்தியை, அதற்காக வேலை செய்த மணித்தியாலங்களால் வகுத்தால் வருவது ஊழிய உற்பத்தித்திறன். அதன் கீழே ஒரு வினா: "ஊழியப்படையில் இளவயதினர் கூடினால் உற்பத்தித்திறன் கூடும், முதியோர் கூடினால் குறையும். காரணங்கள் தருக." நாங்கள் எல்லோரும் காரணம் எழுதினோம். இளையோருக்கு உடல்வலு உண்டு. புதிய தொழில்நுட்பத்தை விரைவாகக் கற்பார்கள். நோய் குறைவு. வேலை இருக்கும் இடத்துக்குப் போகத் தயங்கமாட்டார்கள். எனக்கு அந்த வினாவுக்கு முழுப் புள்ளியும் கிடைத்தது.

அன்று பின்னேரம் காங்கேசன்துறை வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி, சுன்னாகம் சந்தையைக் கடந்து எங்கள் தையற்கடைக்குள் நுழைந்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நான் எழுதிய விடையின்படி பார்த்தால் இந்தக் கடையிலிருந்து முதலில் நிறுத்தப்பட வேண்டியவர் அப்பா.

அப்பா என்பது வாப்பாவின் வாப்பா. ரியூசனில் என்னோடு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகள் "உன்ர அப்பாவுக்கு எழுபத்து நாலு வயசோ?" என்று திகைத்ததால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடையில் வேலை செய்வோர் மூவர். 74 வயதில் அப்பா, 22 வயதில் என் நானா, ஏழாலையிலிருந்து தொழில் பழக வரும் 19 வயதுத் தம்பி ஒருவர். இதில் நானாவுக்குக் கட்டார் போவதற்கு வழி ஒன்று வந்திருக்கிறது. நானா போனால் கடையை மூடிவிடலாம் என்று வாப்பா சொல்கிறார். "அந்த வயசாளியும் ஒரு சின்னப் பொடியனும் இருந்து என்னத்தை உழைக்கிற?" என்பது அவருடைய கேள்வி. அதுவும் ஏறக்குறைய எங்கள் வகுப்பில் கேட்கப்பட்ட கேள்விதான். ஆகவே இந்தக் கட்டுரையை எழுதத் தொடங்கியபோது எனக்குப் புள்ளிகளை விட வேறொரு தேவையும் இருந்தது.

முதலில் நாட்டைப் பார்ப்போம். 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் 7.9 சதவீதம். 2024 மதிப்பீட்டில் அது 12.6 சதவீதமாகிவிட்டது. அதே காலத்தில் 15 வயதுக்குக் குறைந்தவர்கள் 25.2 சதவீதத்திலிருந்து 20.7 சதவீதத்துக்கு இறங்கினார்கள். பன்னிரண்டே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. ஐரோப்பிய நாடுகள் பணம் சேர்த்த பிறகு முதுமை அடைந்தன. நாங்கள் சேர்க்க முன்னரே அடைகிறோம் என்று ஆசிரியை சொல்வார். 2022 இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்குப் பதிவு செய்து நாட்டை விட்டுப் போனார்கள். போனவர்கள் குழந்தைகளும் அல்லர், கிழவர்களும் அல்லர்.

யாழ்ப்பாண மாவட்டத்துக்கு இந்தக் கதை புதிதல்ல. 1981 இல் இங்கே 7 இலட்சத்து 30 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்தார்கள். 2012 இல் இருந்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம் பேர். யுத்தமும் இடப்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் சேர்ந்து எடுத்துக்கொண்டது பெரும்பாலும் உழைக்கும் வயதினரையே. எங்கள் சமூகத்துக்கு இன்னும் ஒன்று இருக்கிறது. 1990 ஒக்டோபர் இறுதியில் வடக்கு மாகாண முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், ஒட்டுமொத்தமாக வெளியேற்றப்பட்டார்கள். அப்போது அப்பாவுக்கு 39 வயது. பன்னிரண்டு வயதில் யாழ்ப்பாணம் பட்டினத்துக் கடையொன்றில் பொத்தான் கட்டத் தொடங்கியவர், அந்த வயதில் தன் கடையில் நான்கு பேருக்குத் தொழில் பழக்கிக்கொண்டிருந்தாராம். புத்தளத்தில் இருபது வருடம். 2010 இல் திரும்பி வந்தபோது அந்த நான்கு பேரில் ஒருவரும் தையலில் இல்லை. ஒருவர் மவுத்தாகிவிட்டார். ஒருவர் லொறி ஓட்டினார். மற்ற இருவர் கடல் கடந்துவிட்டார்கள். வாப்பாவும் அகதி முகாமில் வளர்ந்து பழைய இரும்பு வியாபாரத்துக்குப் போனவர். அவருக்கு ஊசியில் நூல் கோர்க்கவும் தெரியாது. இதனால்தான் எங்கள் கடையில் 74 க்கும் 22 க்கும் இடையில் யாரும் இல்லை. பாடநூலில் குடித்தொகைக் கூம்பகம் என்று ஒரு படம் இருக்கும் அல்லவா, எங்கள் கடையை அப்படி வரைந்தால் நடுவில் வெறும் வெள்ளைத் தாள்தான்.

சரி, அப்பா உண்மையில் உற்பத்தித்திறன் குறைந்தவரா? அளந்து பார்த்தேன். ஒரு சனிக்கிழமை கைக்கடிகாரத்தோடு கடையில் போய் இருந்தேன். பாடசாலை வெள்ளைச் சேட்டு ஒன்றைத் தனியே தைத்து முடிக்க, நானாவுக்கு ஜூக்கி மெசினில் 1 மணித்தியாலம் 20 நிமிடம் பிடித்தது. தம்பிக்கு 2 மணித்தியாலம் 10 நிமிடம். அப்பாவுக்கு அவருடைய பழைய மிதிமெசினில் 2 மணித்தியாலம் 45 நிமிடம். கொலர் திருப்பும் இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போடுவதற்கே ஐந்து நிமிடம் போனது. நான் வகுப்பில் எழுதிய விடை சரி என்று ஆகிவிட்டது. சொல்லப்போனால் எனக்குக் கொஞ்சம் கவலையாகவும் இருந்தது.

ஆனால் அப்பா சாதாரண நாளில் சேட்டுத் தைப்பதே இல்லை என்பது அதன் பிறகுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ஆகவே அடுத்த சனிக்கிழமை ஆளுக்கு ஆள் அளப்பதை விட்டுவிட்டு முழுக் கடையையும் அளந்தேன். மூன்று பேர், ஆளுக்கு 8 மணித்தியாலம், மொத்தம் 24 மணித்தியாலம். முடிந்த சேட்டுகள் 9. ஒரு மணித்தியாலத்துக்கு 0.375 சேட்டு. அதற்கு அடுத்த சனிக்கிழமை அப்பா கண்புரைக்கு மருத்துவரிடம் போனார். கடையில் இரண்டு பேர், 16 மணித்தியாலம். மெதுவானவர் இல்லாததால் சராசரி கூட வேண்டும். முடிந்தவை 4. ஒரு மணித்தியாலத்துக்கு 0.25. அந்த நான்கில் இரண்டு, தோள் இறங்கிவிட்டது என்று திங்கட்கிழமையே திருத்தத்துக்குத் திரும்பி வந்தன.

என்ன நடந்தது? அப்பா இல்லாததால் துணி வெட்ட நானா மெசினை விட்டு எழுந்தார். வெட்டும்போது இரண்டு முறை அளவுக் கொப்பியைப் பார்த்துவிட்டு, அப்பாவின் கையெழுத்து விளங்காமல் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தார். வந்த வாடிக்கையாளர்களோடு பேசினார். தம்பியின் மெசினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அது ஏன் என்று இருவருக்கும் பிடிபடவில்லை. அப்பா இருந்திருந்தால் சத்தத்தைக் கேட்டே "பொபின் இறுகிப் போச்சு, தளர்த்து" என்று மேசையிலிருந்தே சொல்லியிருப்பார். அவருடைய வேலை அவருடைய கைக்கணக்கில் வருவதில்லை. மற்ற இருவரின் கணக்கில் வருகிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குச் சேட்டு அளவெடுக்கும்போது அவர் பிள்ளையைப் பார்க்கமாட்டார், கூட வந்த தகப்பனைப் பார்ப்பார். தகப்பன் உயரமானவர் என்றால் உள்மடிப்பில் ஒன்றரை அங்குலம் கூட விடுவார். அடுத்த வருடம் அந்தச் சேட்டைப் பிரித்து நீட்டலாம். அந்தக் குடும்பம் பிறகு வேறு கடைக்குப் போவதில்லை. இதை எந்த மணித்தியாலத்தில் எழுதுவது?

மூன்று சனிக்கிழமைகளை வைத்து விதி எழுத முடியாது என்பது எனக்குத் தெரியும். துணி வேறு, நாள் வேறு, அன்று மின்சாரமும் ஒருமுறை நின்றது. ஆகவே இதே கேள்வியைப் பெரிய அளவில் ஆராய்ந்தவர்கள் என்ன கண்டார்கள் என்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் தந்தவற்றில் மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது சுவீடன் நாட்டின் ஹோர்ண்டால் இரும்பாலை. அங்கே 15 ஆண்டுகளாகப் புதிய முதலீடு எதுவும் செய்யப்படவில்லை. அதே இயந்திரங்கள், அதே முறைகள். தொழிலாளருக்கோ ஆண்டுக்கு ஆண்டு வயது ஏறியது. ஆனாலும் ஒரு மணித்தியால உழைப்பின் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் கூடிக்கொண்டே வந்தது. எரிக் லுண்ட்பெர்க் என்ற சுவீடன் பொருளியலாளர் இதை எடுத்துக்காட்டினார். பின்னர் 1962 இல் கென்னத் அரோ, வேலையைச் செய்வதன் மூலமே தொழிலாளி கற்கிறான், அந்தக் கல்வியும் ஒரு மூலதனம் என்ற தன் விளக்கத்துக்கு இதையே உதாரணமாகக் கொண்டார். இவர் 1972 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர்.

இரண்டாவது ஜேர்மனியில் மெர்சிடிஸ் லொறிகளைப் பொருத்தும் தொழிற்சாலை. அங்கே நான்கு ஆண்டுகளாக வேலைக்குழுக்கள் விட்ட பிழைகளை ஆய்வாளர்கள் எண்ணினார்கள். 60 வயது வரை உற்பத்தித்திறன் குறைந்ததாகக் காணப்படவில்லை. வயதானவர்கள் சின்னப் பிழைகளைச் சற்றுக் கூடுதலாக விட்டார்கள். ஆனால் பெரிய நட்டம் தரும் பிழைகளை அவர்கள் விட்டது குறைவு. இதை வாசித்தபோது எனக்குத் தோள் இறங்கிய அந்த இரண்டு சேட்டுகள்தான் கண்ணுக்கு முன்னால் வந்தன. அப்பா தைத்தால் பொத்தான் சற்றுக் கோணலாக இருக்கலாம். தோள் இறங்காது.

மூன்றாவது எதிர்ப்பக்கத்துச் சாட்சி, அதை மறைப்பது நேர்மையல்ல. அமெரிக்க மாநிலங்களை 1980 முதல் 2010 வரை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஒரு மாநிலத்தில் 60 வயதுக்கு மேற்பட்டோரின் பங்கு 10 சதவீதத்தால் உயர்ந்தால் தலைக்குரிய உற்பத்தி 5.5 சதவீதத்தால் குறைகிறது என்று கண்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு, உற்பத்தித்திறன் மெதுவாக வளர்வதால் வருவது. அப்படியானால் வாப்பாவும் வினாத்தாளும் சொல்வது சரிதானா? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் அந்தக் குறைவு முதியோரிடம் மட்டும் தெரியவில்லை, எல்லா வயதினரின் சம்பளத்திலும் தெரிந்தது. அனுபவசாலி வேலையை விட்டு விலகும்போது அவர் பக்கத்தில் நின்றவர்களின் உற்பத்தியும் சேர்ந்து இறங்குவது இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று. அதாவது முதியவர் வேலையில் இருப்பதால் வந்த நட்டமாக மட்டும் அதை எண்ண முடியாது. அவர் விலகியதால் வந்த நட்டமும் அதற்குள் இருக்கக்கூடும். அப்பா கண் மருத்துவரிடம் போன சனிக்கிழமை, பெரிய அளவில்.

எல்லாத் தொழிலும் தையல் போன்றதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பனை ஏறும் தொழிலாளி ஒரு நாளில் பல மரங்களில், காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். அங்கே அறுபது வயதின் அனுபவம் முழங்காலுக்குப் பதிலாகாது. கணக்காளர், ஆசிரியர், ஹதீஸ் பாடம் நடத்தும் மௌலவி போன்றோருக்கு முழங்கால் பெரிய விஷயமல்ல. இந்த இரண்டுக்கும் இடையில் இருப்பதுதான் சுவாரசியமானது, அது எங்கள் ஊரைச் சுற்றியே இருக்கிறது: தோட்டம்.

சுன்னாகம் சந்தைக்கு வரும் வெங்காயமும் வாழைக்குலையும் மரவள்ளியும் பெரும்பாலும் சுற்றியுள்ள செம்மண் தோட்டங்களில் விளைபவை. இங்கே ஆறு இல்லை. எல்லாம் கிணற்று நீர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் தோட்டம் செய்யும் ஐயா அப்பாவுடைய வயதை ஒத்தவர். பழைய காலத்து இறைப்பைப் பற்றி அவரிடம் கேட்டேன். துலா இறைப்புக்குக் குறைந்தது மூன்று பேர் தேவையாம். துலாவின் மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்து அதை மிதிக்க ஒரு இளைஞன். கிணற்றுக் கட்டில் நின்று பட்டையைப் பிடித்து நீரைக் கவிழ்க்க உறுதியான கையுள்ள நடுவயதுக்காரர். தோட்டத்தில் நின்று வாய்க்காலை வெட்டிப் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாற, ஒரு கிழவரோ பள்ளிக்கூடப் பிள்ளையோ. "பாத்தி மாறுறது லேசான வேலை எண்டு நினையாத பிள்ளை. தண்ணி எவ்வளவு போகோணும் எண்டு மண்ணைப் பாத்துச் சொல்லத் தெரியோணும். அது பிழைச்சால் மேல மிதிக்கிறவன்ர உழைப்பும் வீண்" என்றார். மூன்று வயதும் ஒரே கிணற்றில் கோர்த்துக்கொண்டு வேலை செய்த அமைப்பு அது. எந்த ஒருவருடைய உற்பத்தித்திறனையும் தனியே பிரித்துச் சொல்ல முடியாது.

1950 களிலும் 60 களிலும் மண்ணெண்ணெயில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரங்கள் பரவின. துலா மிதிக்கும் இளைஞன் தேவையற்றுப் போனான். அவன் படிக்கப் போனான், உத்தியோகத்துக்குப் போனான், பிறகு லண்டனுக்கும் கனடாவுக்கும் போனான். மெசின் இருந்ததால் அவன் இல்லாமலும் தோட்டம் நடந்தது. முதுமை அடையும் நாடுகள் இளைஞரின் இடத்தில் இயந்திரத்தை வைக்கின்றன என்று இன்று பொருளியலாளர்கள் எழுதுகிறார்கள். தென்கொரியாவில் தொழிலாளர் தொகையோடு ஒப்பிடும்போது தொழிற்சாலை ரோபோக்கள் உலகிலேயே அதிகம் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். எங்கள் ஊர்த் தோட்டக்காரர் அதை அறுபது வருடங்களுக்கு முன்னரே செய்துவிட்டார்கள்.

ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாடு வந்தபோது சில தோட்டங்களில் மீண்டும் துலாவைப் பூட்ட வேண்டியிருந்தது என்று ஐயா சொன்னார். அப்போது அவருக்கு நாற்பது வயது, மிதித்தார். 2022 ஓகஸ்டில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. அப்போது மிதிக்க வலுவில்லை, மிதிக்க இளைஞரும் இல்லை, துலாவும் இல்லை. அந்தப் போகம் அவர் பாதித் தோட்டத்தைத் தரிசாக விட்டார். வயது ஏறிய ஊழியப்படையின் உற்பத்தித்திறன் மூலதனத்தில் தொங்குகிறது. மூலதனத்தின் விலை ஏறினால் இளைஞனைப் போல அதைத் தாங்கிக்கொள்ள முதியவரால் முடியாது. இலங்கையில் வேலை செய்வோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் விவசாயத்தில் இருந்தும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் விவசாயத்தின் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவாக இருப்பதைப் படிக்கும்போது, "விவசாயிகள் வயதானவர்கள், அதனால்தான்" என்று ஒரே வரியில் எழுத எனக்கு இப்போது மனம் வருவதில்லை.

வயதுக்கேற்ப வேலையிடத்தை மாற்றினால் என்ன நடக்கும் என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 2007 இல் ஜேர்மனியின் டிங்கொல்ஃபிங் நகரிலுள்ள பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலை, தன் ஊழியரின் சராசரி வயது பத்து ஆண்டுகளில் 47 ஆகிவிடும் என்று கணக்கிட்டு, அந்தச் சராசரி வருமாறு 42 பேரை ஒரு பிரிவில் வேலைக்கு அமர்த்திப் பார்த்தது. மரத்தளம், உட்கார்ந்து வேலை செய்ய நாற்காலி, சிறிய எழுத்தைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி என எழுபது அளவில் சின்னச் சின்ன மாற்றங்கள். பெரும்பாலானவை தொழிலாளரே சொன்னவை. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. இதை வீட்டில் சொன்னேன். உம்மா மறுநாளே தன் சீட்டுக் காசில் ஒரு எல்.ஈ.டி. விளக்கு வாங்கி வந்து அப்பாவின் வெட்டுமேசைக்கு மேல் கட்டிவிட்டார். அப்பா முதல் இரண்டு நாள் "இது கலியாண வீடா?" என்று முறைத்தார். மூன்றாம் நாள் விளக்கு எரியவில்லை என்று சத்தம் போட்டார்.

சட்டமும் இந்தக் கேள்வியோடு தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறது. தனியார்துறை ஊழியரின் ஆகக்குறைந்த ஓய்வு வயதை 60 ஆக உயர்த்த 2021 இல் சட்டம் வந்தது. அரச ஊழியருக்கு 2022 தொடக்கத்தில் 65 ஆக்கி, அதே ஆண்டின் இறுதியில் மீண்டும் 60 ஆக்கினார்கள். ஒரேயடியாக ஆயிரக்கணக்கான அனுபவசாலிகள் கதிரையை விட்டு எழுந்தபோது அடுத்த வரிசையில் இருந்தவர்கள் ஆயத்தமாக இருந்தார்களா என்பதுதான் கேட்கப்பட வேண்டியது. தையற்காரருக்கு ஓய்வு வயதும் இல்லை, ஓய்வூதியமும் இல்லை. கண் விடும்வரை தைப்பார்.

இனி எங்கள் கல்லூரியில் படிக்கும் நாங்கள் யோசிக்க வேண்டிய ஒரு பகுதி. ஊழியப்படையின் நடுப்பகுதி வெறுமையாகும்போது அதை நிரப்ப யார் இருக்கிறார்கள்? இலங்கையில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவரே ஊழியப்படையில் இருக்கிறார். ஆண்களில் அது மூன்றில் இரண்டுக்கு மேல். ஆக, வெளிநாட்டுக்குப் போன இளைஞன் விட்டுச் சென்ற இடத்தைப் பற்றிப் பேசும் எல்லோரும், வீட்டிலேயே இருக்கும் ஆட்களை எண்ண மறந்துவிடுகிறார்கள். என் உம்மா வீட்டில் அபாயாவும் சட்டையும் தைக்கிறார். அவர் தைப்பதை யாரும் கடைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அவருக்கு 43 வயது. கூம்பகத்தின் வெறும் தாள் என்று நான் மேலே எழுதிய இடத்தில் அவர் இத்தனை நாளும் இருந்திருக்கிறார்; எழுதிய எனக்கே தெரியவில்லை. இதை அழித்துத் திருத்தி எழுதலாமா என்று பார்த்தேன். நான் எப்படிப் பிழை விட்டேன் என்பதும் தெரியட்டும் என்று அப்படியே விட்டிருக்கிறேன்.

உம்மாவுக்குத் தைக்கத் தெரியும். ஆனால் ஆண்களின் சேட்டு வெட்டத் தெரியாது. வெட்டு அப்பாவிடம் மட்டும் இருக்கிறது. அவருடைய அளவுக் கொப்பிகள் பதினான்கு, 2010 இலிருந்து. அதில் அவர் எழுதும் குறிகள் அவருக்கே உரியவை. அரபு எண்கள் கொஞ்சம், தமிழ் எழுத்து கொஞ்சம், தோள் சரிந்தவருக்கு ஒரு கோடு, வயிறு முன்தள்ளியவருக்கு ஒரு பிறை. 1990 க்கு முந்திய கொப்பிகள் பழைய கடையோடு போய்விட்டன. அந்தக் கொப்பிகளில் இருந்த அளவுகளை அப்பா திரும்பி வந்த பிறகு மீண்டும் எடுத்துக்கொண்டார். நான்கு பேருக்குப் பழக்கிய பழக்கத்தை அப்படி எடுக்க முடியவில்லை.

சென்ற மாதம் அப்பாவிடம் வெட்டப் பழக்குமாறு கேட்டேன். "சோதினை இருக்கு, போய்ப் படி மகள்" என்றார். இதுவும் பொருளியல் பாடம்தான் என்றேன். சிரித்தார். பிறகு பழைய வேட்டி ஒன்றைத் தந்து, தையல் சோக்கால் அதில் கோடு போடச் சொன்னார். அந்த வேட்டி முடிவதற்குள் அவர் எனக்குச் சொன்னதில் பாதி, கடையில் நானாவுக்கும் தம்பிக்கும்கூடத் தெரியாததாக இருந்தது. இருவரும் மெசினை நிறுத்திவிட்டு எழுந்து வந்து நின்று கேட்டார்கள். "இதை ஏன் எங்களுக்குச் சொல்லேல்ல?" என்று நானா கேட்டதற்கு, "நீ எங்க கேட்டாய்? வேகமாத் தைச்சுக்கொண்டு இருந்தாய்" என்றார் அப்பா.

நானாவின் மருத்துவப் பரிசோதனை அடுத்த மாதம். அவர் போவாரா இல்லையா என்பது இன்னும் முடிவாகவில்லை. வாப்பா கடையை மூடும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார். விட்டுவிட்டார் என்று சொல்ல முடியாது.

போன சனிக்கிழமை மீண்டும் முழுக் கடையையும் அளந்தேன். மூன்று பேரின் 24 மணித்தியாலம், அதோடு பழகுநராக என்னுடைய 4 மணித்தியாலம், மொத்தம் 28. என்னால் அப்பாவின் வெட்டு தாமதமானது. மற்ற இருவரும் அடிக்கடி எழுந்து வந்தார்கள். நான் ஒரு கைத்துண்டைப் பிழையாக வெட்டி, துணிக்காசும் நட்டம். முடிந்த சேட்டுகள் 7. ஒரு மணித்தியாலத்துக்கு 0.25. அப்பா கடையில் இல்லாத அந்தச் சனிக்கிழமை வந்த அதே எண். கணக்குக் கொப்பியில் இரண்டு நாளும் ஒன்றுபோலத் தெரிகின்றன. ஆசிரியையிடம் காட்டினேன். இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இதே வினாவை அடுத்த தவணையில் வேறு மாதிரிக் கேட்கிறேன் என்றார்.